ரோந்துப் படகு இல்லாத கடல்

லைப்சிக்
8 மார்ச் 1998

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

இங்கே நான் நலம். உன் இடது முழங்கால் இப்போதாவது படி ஏற விடுகிறதா? போனில் கேட்டால் "ம், பரவாயில்ல" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில்தான் நீ கொஞ்சமாவது வாய் திறக்கிறாய் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் இசைத்தட்டு வந்துவிட்டது அக்கா! இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நானும் அனெட்டும் மூன்று வருடமாக அந்தப் பழைய நூல் ஆலையின் இரண்டாம் மாடியில் குளிரில் நடுங்கியபடி செய்தது. பெர்லின் சுவர் விழுந்த கையோடு ஜனங்கள் தெருவில் தூக்கிப் போட்ட நம் கிழக்கு ஜெர்மனி மின் ஆர்கன்கள், சிந்தசைசர்கள் எல்லாவற்றையும் சந்தையில் பொறுக்கி எடுத்து, அவற்றை மட்டுமே வைத்துச் செய்தோம். ஒன்றில் இரண்டு கட்டைகள் குத்து வாங்கினால்தான் பேசும். அனெட் பாடுகிறாள். மூன்று பாட்டில் நானும் பாடுகிறேன், நீ சிரிக்கக் கூடாது.

எங்கள் ஜோடிக்குப் பெயர் 'கோடைத் தபால்'. தட்டின் பெயர் 'ஆகஸ்ட் 77'. புரிந்ததா? டீர்ஹாகன் கடற்கரை, நம் பச்சைக் கூடாரம், அப்பா கருக்கிய மீன். எனக்கு அப்போது ஏழு வயது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாதம் வந்ததில்லை என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

ஹாம்பர்க் வாரப் பத்திரிகை ஒன்று முதல் மதிப்புரை எழுதியிருக்கிறது. 'சூடான பால் குடித்துவிட்டுத் தூங்கப் போகும் பிள்ளையின் சந்தோஷம், வெட்கமில்லாத ஏக்கம்' என்கிறார்கள். பாராட்டுதான். ஆனால் அனெட் அதைப் படித்துவிட்டு, "பாலா? நாம என்ன மாடாடா?" என்று பத்திரிகையைச் சுருட்டி என்னை அடித்தாள்.

கேட்டுவிட்டு உடனே எழுது. ஊரெல்லாம் சொல்வது இருக்கட்டும், அங்கே என்னோடு இருந்தவள் நீ ஒருத்திதான். கேட்க அப்பாவும் அம்மாவும் உயிரோடு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அன்புத் தம்பி
கெர்னோட்


கெட்ஸர்
2 ஏப்ரல் 1998

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது. டென்மார்க்கின் இந்தத் தென்கோடியில் மழை வராத நாள் குறைவு, ஆகவே கணக்குச் சரியாகப் போகிறது. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? ஆலை மாடியில் அடுப்பு வைத்தீர்களா இல்லையா?

தட்டு உடையாமல் வந்தது. அட்டைப்படம் அழகு. உள்பக்கத்தில் எழுதியிருந்ததையும் பார்த்தேன். என் பிளேயர் சரியில்லை, பக்கத்து வீட்டு இங்கரிடம் சொல்லியிருக்கிறேன், பார்த்துத் தருகிறேன் என்றார். அதன் பிறகுதான் கேட்க வேண்டும்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆள் குறைவு. காலையும் நானே, மாலையும் நானே. ஈஸ்டருக்கு அம்மாவின் கல்லறைக்குப் போனால் மஞ்சள் பூச்செடி வை. ரோஜா வைக்காதே, அவளுக்குப் பிடிக்காது.

வெற்றி பெற வாழ்த்துகள். கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே.

அக்கா
மார்லிஸ்


லைப்சிக்
19 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்கா,

நலமா? உடம்புக்கு ஒன்றுமில்லை எனக்கு. மனதுக்குத்தான் அடி பட்டிருக்கிறது. அம்மாவுக்கு மஞ்சள் பூ வைத்துவிட்டேன்.

பெர்லின் நாளிதழில் ரூபர்ட் கைஸ்லர் என்று ஒருவர் எழுதுகிறார். அவர் சொன்னால் மற்றவர்களும் அதையே திருப்பிச் சொல்வார்கள், அப்படி ஓர் ஆள். அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். மனப்பாடம் ஆகிவிட்டது, கேள்:

'இந்த இருவரின் கடலில் எல்லைக் காவலரின் ரோந்துப் படகே இல்லை. இரவில் மணலைத் துழாவிய தேடுவிளக்கு இல்லை. கூடார முகாம் வாசலில் பெயர் குறித்துக்கொண்ட ஆள் இல்லை. இப்படி ஒரு கடலை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தார்கள், அல்லது பொய் சொல்கிறார்கள். "காற்று மெத்தை" என்ற பாட்டில் வரும் விக்கல் சத்தம் இந்தத் தட்டின் தரத்துக்கு ஒரு சோறு பதம். மலிவான வேடிக்கை.'

அந்த விக்கலைச் செய்ய எனக்கு நான்கு நாள் ஆனது அக்கா!

அனெட் முதலில் கத்தினாள். பிறகு சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, "கெர்னோட், நெஜமா சொல்லு. அங்க படகு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல."

"கடலையே பாத்துட்டு நின்ன பய நீ. ஞாபகம் இல்லங்கற."

எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. ஆரஞ்சும் நீலமுமாகப் பட்டை போட்ட மெத்தை இருக்கிறது, மணல் குன்றின் புல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. படகு மட்டும் இல்லை. உனக்கு அப்போது பத்தொன்பது வயது. நீ சொல். இருந்ததா? கைஸ்லர் சொல்வதுபோல நான் பொய்யனா?

பதிலுக்குக் காத்திருக்கிறேன். பிளேயர் சரியானதா?

உன் தம்பி
கெர்னோட்


கெட்ஸர்
11 மே 1998

அன்புத் தம்பி கெர்னோட்டுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே, சமையலறையில் ஒரு பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள்.

பத்திரிகையில் எழுதுகிறவர்கள் ஏதாவது எழுதத்தான் வேண்டும். அதற்காக நீ சாப்பாட்டை விடாதே. நீ பொய்யன் இல்லை. சின்ன வயதிலேயே உனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும்.

படகைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் அப்போது வேறு எதையெல்லாமோ பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

உன் பாட்டு ஒன்றைக் கேட்டேன். கடையில் உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் வந்தது. இங்கே ஜெர்மன் நிலையம் நன்றாக எடுக்கும். முழுதாகக் கேட்க முடியவில்லை, வீட்டுக்கு வர வேண்டியிருந்தது.

தோட்டத்தில் புளிப்பான ருபார்ப் தண்டு வந்துவிட்டது. ஜாம் போட்டு அனுப்புகிறேன். நேரத்தோடு தூங்கு.

அக்கா
மார்லிஸ்


லைப்சிக்
24 மே 1998

என் அருமை அக்காவுக்கு,

ஜாம் வரட்டும், ரொட்டி தயாராக இருக்கிறது. நான் நலமோ நலம். காரணம் கேள்.

'காற்று மெத்தை' பிடித்துக்கொண்டது! முடி வெட்டப் போனால் அங்கே ஓடுகிறது. டிராமில் ஒரு பள்ளிக்கூடப் பெண் அதை முணுமுணுத்தாள், நடுவில் விக்கலும் விட்டாள். திட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கைஸ்லரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் 'படகு எங்கே' என்று எழுதிவிட்டார்கள். ஆனால் ஜனங்கள் வாங்குகிறார்கள்.

நீ கடையில் கேட்டது அந்தப் பாட்டாகத்தான் இருக்கும். யாரைப் பற்றியது என்று கண்டுபிடித்திருப்பாயே. எக்கியேதான்! உன் சிநேகிதன், கப்பல் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த எக்ஹார்ட். எனக்கு நீந்தக் கற்றுத் தந்தவன். மணல் குன்றுக்குப் பின்னால் நானும் அவனும் மாறி மாறி அந்த மெத்தையை ஊதினோமே, அதுதான் பாட்டு முழுக்க. அவன் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பும். ஊதி முடித்ததும் அவனுக்கு விக்கல் வரும், எனக்குச் சிரிப்பு வரும். "இன்னும் ஒரு மூச்சு, இன்னும் ஒரே ஒரு மூச்சு" என்று என்னை ஊத வைப்பான். பல்லவி அப்படியே அவன் சொன்னதுதான். கடைசி மூச்சு நான் ஊதியது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அதற்கு அடுத்த நாள்தான் உனக்குக் குடல்வால் வலி வந்து ரோஸ்டாக் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எக்கிக்குக் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று அப்பா சொன்னார். என்னிடம் சொல்லாமல் போய்விட்டானே என்று ரயில் முழுக்க அழுதேன்.

இப்போது அவனுக்கு நாற்பது இருக்கும். எங்கேயாவது கேப்டனாக, தொப்பையோடு இருப்பான். அவன் முகவரி உன்னிடம் இருக்கிறதா? தட்டை அனுப்பி வைக்க ஆசை. உள்பக்கத்தில் 'நீந்தக் கற்றுத் தந்த எக்கிக்கு' என்று போட்டிருக்கிறோமே, பார்த்திருப்பாய்.

ஆகஸ்ட் 22 ரோஸ்டாக்கில் கச்சேரி. உன் வீட்டு வாசலில் ஏறினால் இரண்டு மணி நேரக் கப்பல். வராமல் இருந்தால் பேச மாட்டேன்.

குஷியோடு
கெர்னோட்


லைப்சிக்
28 ஜூன் 1998

அன்புள்ள அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நலமாக இருக்கிறாயா? போன வாரம் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கேன், எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். குரல் நல்லாயிருக்கிறவள் குரலாக இல்லை. இங்கரின் எண்ணாவது கொடு.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

கெர்னோட்


கெட்ஸர்
9 ஜூலை 1998

அன்புத் தம்பி,

நோய் நொடி ஒன்றுமில்லை, பயப்படாதே. நீ தப்பாக எதுவும் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. அனெட் பக்கத்தில் இருந்தால் நல்லது.

எக்கியின் முகவரி கேட்டிருந்தாய். அவனுக்கு முகவரி இல்லை. அவன் கப்பல் வேலைக்குப் போகவில்லை. அந்த மெத்தையில் படுத்து, காலில் துடுப்புச் செருப்பு மாட்டிக்கொண்டு, நம் நாட்டை விட்டுத் தப்பி டென்மார்க்குக்குப் போனான். நீங்கள் ஊதிய அன்றே இருட்டியதும் கிளம்பினான். மெத்தை மட்டும் மூன்று நாள் கழித்து ஒரு டேனிஷ் மீனவர் வலையில் வந்தது. அவன் எங்கும் வரவில்லை.

எனக்கு முன்பே தெரியும். அவன் போய்ச் சேர்ந்ததும் வானிலையைப் பற்றி மட்டும் எழுதி ஒரு அட்டை போடுவதாகப் பேச்சு. பிறகு எப்படியாவது என்னையும் அழைத்துக்கொள்வதாக.

என் குடல்வால் இன்றைக்கும் என் வயிற்றில்தான் இருக்கிறது, கெர்னோட். ரோஸ்டாக்கில் என்னை வைத்திருந்தது ஆஸ்பத்திரி இல்லை. ரகசியப் போலீஸின் ஜன்னல் இல்லாத அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், "மெத்தைய யாரு ஊதினது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "நான்தான்" என்றேன். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தபோது வாசலிலேயே ஒரே வார்த்தை: "பையனுக்குத் தெரியவே கூடாது." அம்மாவும் நானும் தலையாட்டினோம். அப்பாவும் அம்மாவும் கண் மூடும்வரை அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தான் ஊதிய மூச்சில் ஒருவன் போய்ச் செத்தான் என்று தெரிந்தால் ஏழு வயதுப் பிள்ளையால் படுத்துத் தூங்க முடியுமா? பதினேழு வயதில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு இருபதில். பிறகு நீ பாட்டாக எழுதி அனுப்பினாய்.

கேட்டாயே, படகு இருந்ததா என்று. இருந்தது. சாயங்காலம் ஆனால் கிழக்கிலிருந்து வரும், கொஞ்சம் நிற்கும், மேற்கே போகும். அது வரும் நேரம் அப்பா உன்னை ஐஸ் வாங்க அழைத்துப் போவார். தேடுவிளக்கு கூடாரத்தின் மேல் விழும்போது அம்மா உன் முகத்தில் போர்வையை இழுத்துவிட்டு, "நிலா வந்திருக்கு, தூங்கு" என்பாள். அந்தப் பெர்லின்காரர் சொன்னது பொய் இல்லை. நீ பாடியதும் பொய் இல்லை. உன் கடலில் படகு வராமல் இருக்க வீட்டில் எல்லோரும் வேலை செய்தோம்.

எல்லை திறந்த பிறகு, அவன் வர நினைத்த ஊர் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க இங்கே வந்தேன். ஒரு வாரம் என்று வந்தேன். நீ எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய், இந்தக் காற்றடிக்கும் ஊரில் என்ன இருக்கிறது என்று. இதுதான்.

பிளேயர் ஒன்றும் கெடவில்லை. தட்டை இன்னும் போடவில்லை, அவ்வளவுதான்.

உன்னை ஒரு நாளும் ஒரு நிமிஷமும் நான் குற்றம் நினைத்ததில்லை. அவனுக்கு மூச்சு வாங்கியது, நீ உதவினாய். இதை நன்றாகப் படி.

உன் அக்கா
மார்லிஸ்


லைப்சிக்
15 ஜூலை 1998

அக்கா,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நலமாக இரு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆலைக்குப் போய் அந்தப் பாட்டை ஒரு முறை போட்டேன். 'இன்னும் ஒரே ஒரு மூச்சு' வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை. உன்னை உருளைக்கிழங்குக் கடையில் நிற்க வைத்து இதைக் கேட்க வைத்தேன் அல்லவா? ஜாலியாகக் கன்னம் பன் மாதிரி என்று வேறு எழுதினேன். அந்த அறையில் எனக்காக நீ சொன்ன ஒரு வார்த்தையைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அனெட்டிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டதும் இன்னொன்று சொன்னாள். மறைக்காமல் எழுதுகிறேன்.

"கைஸ்லர் பேட்டி கேட்டிருக்காரு. முழுப் பக்கம். அங்க இதச் சொல்லு. ஒரே ஒரு வரி போதும், எல்லாரும் வாய மூடிருவாங்க."

"அனெட்!"

"என்ன அனெட்? பொய்யன், தூங்குமூஞ்சின்னு எழுதறாங்க. நம்ம பாட்டுக்குள்ள ஒரு சாவே இருக்கு. அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"நீ சொன்னா அன்னையிலேருந்து தனியாப் பாடிக்க."

இரண்டு நாளாக நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அக்கா, அவள் சொன்னபோது எனக்குக் கோபம் மட்டும் வரவில்லை. ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் அச்சில் வந்ததாக மனதில் பார்த்தேன். பெரிய எழுத்தில் தலைப்போடு. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பேட்டி 30ஆம் தேதி. நீ என்ன சொல்கிறாய்? ரோஸ்டாக்கில் அந்தப் பாட்டை எடுத்துவிடுகிறேன். இனிமேல் எங்கும் பாட மாட்டேன்.

கெர்னோட்


லைப்சிக்
3 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். பேட்டி முடிந்துவிட்டது, உனக்கு முதலில் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கைஸ்லரை நான் கண்ணாடி போட்ட ஒரு கேலிக்காரராக நினைத்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும். சிந்திவிடும் என்று காபியைக் கோப்பையில் பாதிதான் ஊற்றச் சொல்கிறார். கொஞ்ச நேரம் கருவிகளைப் பற்றிப் பேசிவிட்டுக் கேட்டார்:

"அந்தக் கரையில நின்னிருக்கீங்க. ஒரு படகுகூடவா கண்ணுல படல?"

"படல."

"நான் ரெண்டு வருஷம் உள்ள இருந்தவன். எல்லையத் தாண்டப் பாத்தேன்னு. உங்க பாட்டு நல்லாத்தான் இருக்கு, என் பொண்ணு பாடிக்கிட்டே இருக்கா. ஆனா அதக் கேட்டா நானெல்லாம் இல்லவே இல்லாத மாதிரி இருக்குங்க. அது உங்களுக்குப் புரியுதா?"

குரலில் கோபம் இல்லை, களைப்புதான். ஒரே வரி போதும் என்று அனெட் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது தெரிந்தது. சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழுந்து வந்து என் கையைப் பிடித்திருப்பார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எக்கி என்னுடையவன் இல்லை. உன்னுடையவன். அவன் சாவை விற்று நல்ல பெயர் வாங்க முடியாது.

"புரியுது" என்றேன். "நீங்க எழுதினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்." அதோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

அனெட் என்னையே பார்த்தாள். அவள் வாயைத் திறந்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் அவள் அந்தக் குத்து வாங்கும் ஆர்கனைப் பற்றிப் பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். அவர் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. வெளியே வந்ததும் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, "போடா" என்றாள். இப்போது பேசுகிறோம்.

கட்டுரையை இணைத்திருக்கிறேன். கடைசி வரி: 'படகைப் பற்றிக் கேட்டேன். தன் காலணியைப் பார்த்தார். அதுவும் ஒரு பதில்தான்.' படித்துவிட்டு வருத்தப்படாதே. எனக்கு வருத்தமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரியாவது எழுது.

தம்பி
கெர்னோட்


ரிப்னிட்ஸ்
12 ஆகஸ்ட் 1998

அன்பான கெர்னோட்டுக்கு,

ஊர்ப் பெயரைப் பார்த்து ஆச்சரியப்படாதே. நலமாகத்தான் இருக்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இரண்டாவதை இங்கர் அனுப்பி வைத்தார். கப்பலில் அக்கரைக்கு வந்து, எக்கியின் அம்மா ஹெட்விக் பூர்மைஸ்டர் வீட்டில் ஒரு வாரமாக இருக்கிறேன். இவ்வளவு வருடமாக வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டையோடு நிறுத்திக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு வராமல் இருக்க முடியவில்லை. பாட்டை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்ய நீ யார், நான் யார்?

அவருக்கு அறுபத்தைந்து. மீன் கடையில் பாதி நாள் வேலை. கதவைத் திறந்தவர், "மார்லிஸா? இளைச்சுப் போயிட்டியேடீ, உள்ள வா" என்றார், நேற்றுப் போனவளைக் கூப்பிடுவதுபோல. சாப்பாடு முடிந்ததும் விஷயத்தைச் சொல்லித் தட்டை மேஜையில் வைத்தேன். "கடையில ஓடுற பாட்டா? எம் புள்ளயா அதுல?" என்றார். அவரிடம் தட்டுப் போடும் பெட்டி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டு வந்தார்.

நானும் அப்போதுதான் முதல் முறையாக முழுதாகக் கேட்டேன்.

விக்கல் வந்த இடத்தில் ஹெட்விக் அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பயந்துபோய் நிறுத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார், கெர்னோட்.

"விக்கல்! ஐயோ, அவனுக்கு விக்கல் வருமேடீ! பிறந்தநாளுக்குப் பலூன் ஊதினா, ஒரு மணி நேரம் விக்கிட்டே இருப்பானே! மறந்தே போயிட்டேனே நான்."

திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். நீ பாடுவதை நிறுத்தப் போகிறாய் என்று சொன்னதும் கோபம் வந்துவிட்டது.

"எல்லாரும் அவன் செத்ததத்தான் வச்சிருக்காங்க. போலீஸ்காரன் அதத்தான் வச்சிருந்தான். நீயும் இத்தன வருஷமா அதத்தான் வச்சுக்கிட்டு அந்தக் கரையில நிக்கிற. விக்கல யாருடீ வச்சிருந்தா? அந்தச் சின்னப் பய ஒருத்தன்தான் வச்சிருந்திருக்கான். பாடச் சொல்லு. இப்ப இருக்கிற மாதிரியே பாடணும். எம் புள்ளைக்காகன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் பாடினா மேடையிலயே வந்து அடிப்பேன்."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். பிறகு கைஸ்லரின் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். "பாவம், நல்ல மனுஷன் போலிருக்கு" என்றார். தன் காலத்துக்குப் பிறகு வேண்டுமானால் கைஸ்லருக்கு நீ ஒரு கடிதம் எழுதலாமாம். பத்திரிகைக்கு வேண்டாம், அவருக்கு மட்டும்.

நீ நாக்கு நுனியில் நிறுத்தியதைப் படித்தபோது நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன். அப்பா இருந்திருந்தால் உன் தலையைத் தடவியிருப்பார்.

22ஆம் தேதி இருவரும் வருகிறோம். அவருக்கு இடுப்பு சரியில்லை, உட்கார நாற்காலி இருக்க வேண்டும். கழுத்துத் துணியை மறக்காதே, துறைமுகத்தில் காற்று அடிக்கும்.

அக்கா
மார்லிஸ்


லைப்சிக்
27 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்கா,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? ஹெட்விக் அம்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது? கச்சேரி முடிந்ததும் அவர் என்னைக் கட்டிக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளியதைத் தவிர அன்று எனக்கு எதுவும் சரியாக ஞாபகம் இல்லை.

அந்தப் பாட்டில் முதல் வரி எனக்கு வரவேயில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். அனெட் எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது வரியிலிருந்து நானே பாடிவிட்டேன். மேடையிலிருந்து உங்கள் இருவரையும் தேடினேன். விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. உங்கள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது, எதனால் என்று தெரியவில்லை.

ரோஸ்டாக் உள்ளூர்த் தாளில் ஒரு சின்ன மதிப்புரை வந்திருக்கிறது. பெரிய ஆள் யாரும் எழுதியதில்லை, கடைசிப் பக்கத்தில் நாய்க் கண்காட்சிக்குக் கீழே. அப்படியே எழுதுகிறேன்:

'"காற்று மெத்தை" ஆழம் என்று எதுவும் இல்லாத, முழங்கால் அளவுத் தண்ணீர் போன்ற கோடைப் பாட்டு. மூன்றாவது வரிசையில் இரண்டு பெண்கள், தாயும் மகளும் போலிருக்கிறது, பாட்டு முடியும்வரை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.'

அனெட் இதைப் படித்துவிட்டுச் சுவரில் ஒட்டினாள்.

திருத்தச் சொல்லி அந்தத் தாளுக்கு ஒரு வரி எழுதிப் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ சொல்.

என்றும் அன்புடன்
கெர்னோட்


ரிப்னிட்ஸ்
4 செப்டம்பர் 1998

அன்புத் தம்பிக்கு,

நலம். முழங்காலும் நலம், இங்கே மழை குறைவு. இன்னும் கெட்ஸருக்குப் போகவில்லை. விடுப்பை நீட்டிக் கேட்டிருக்கிறேன். அதன் பிறகு என்ன என்று இன்னும் யோசிக்கவில்லை.

உன் கடிதத்தை ஹெட்விக் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆழம் இல்லாத பாட்டு என்ற இடத்தையும், தாயும் மகளும் என்ற இடத்தையும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். "திருத்தச் சொல்லி எழுதலாமான்னு கேக்கறான்" என்றேன்.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எதத் திருத்தணும்? எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கான்."

நேரத்தோடு சாப்பிடு.

உன் அக்கா
மார்லிஸ்